"பரவாயில்லை" என்ற விடையை எங்கே குறிப்பது?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. காலாண்டு விடைத்தாள்கள் திருத்தி முடியட்டும் என்று காத்திருந்தேன். நீ கேட்டிருந்த கேள்விக்கு அவசர அவசரமாக நாலு வரி எழுத மனம் வரவில்லை. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது தாமே செய்தித்தாள் படிக்கிறார். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

உன் மகள் எம்.எட். முடித்த கையோடு சமூக, கல்வி ஆய்வு முறையியலில் இன்னொரு முதுநிலைப் படிப்பில் சேர விரும்புகிறாள் என்றும், ஆய்வு செய்யக் கற்றுக்கொள்ள ஒரு தனிப் படிப்பு எதற்கு, நேராக முனைவர் பட்டத்துக்கே பதிவு செய்துவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் படிப்பை நாற்பத்திரண்டு வயதில், பள்ளி வேலையையும் விடாமல் படித்தவள் என்பதால் என்னைக் கேட்கிறாய். அவள் சேரட்டும் என்பதுதான் என் கருத்து.

நம் காலத்தில் எம்.ஃபில். என்று ஒன்று இருந்தது. முனைவர் பட்டத்துக்குப் போகுமுன் ஒரு சிறிய ஆய்வைச் செய்து, அதில் தவறி, நெறியாளரிடம் திட்டு வாங்கித் திருத்திக்கொள்ள அது இடம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளோடு அது நின்றுவிட்டது. இப்போது முனைவர் பட்டத்தில் சேருகிறவர்களுக்குக் கோர்ஸ் ஒர்க் என்று குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறைகள் பற்றிய தாளும் அதற்குள்ளேயே அடக்கம். அது முடிந்ததும் தலைப்பு, சினாப்சிஸ் எனப்படும் ஆய்வுச் சுருக்கம் என்று வேலை ஓடத் தொடங்கிவிடுகிறது. பட்டத்துக்கான ஆய்விலேயே முதல் தவறுகளைச் செய்ய நேர்ந்தால், அவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு பலருக்கு வருவதில்லை. என் முதல் தவறு எனக்கு முதுநிலைப் படிப்பிலேயே நேர்ந்ததை என் நல்வாய்ப்பு என்றே எண்ணுகிறேன்.

அதைச் சொல்கிறேன், கேள். கடலோரத்துப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் தலைப்பு. லிக்கர்ட் 1932இல் வகுத்துத் தந்த அளவுகோல்தான் நமக்கெல்லாம் பழக்கமாயிற்றே: ஒரு கூற்றைச் சொல்லி, "முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்" என்பதிலிருந்து "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போடுவது. நாற்பது கூற்றுகளைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். மீன் விற்றுவிட்டு வந்த ஓர் அம்மா, வாசலில் குந்தி அன்னக்கூடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என் பிள்ளையின் கல்வியில் பள்ளி காட்டும் அக்கறை எனக்கு மனநிறைவு அளிக்கிறது" என்று படித்தேன். கை நிற்காமல், "பரவால்ல டீச்சர்" என்றார். நடுக் கட்டத்தில் டிக் போட்டேன். ஆறாவது கூற்றுக்கும் "பரவால்ல", பதினொன்றாவதற்கும் "பரவால்ல". அன்று மாலை வரை நான் போன பல வீடுகளிலும் இதே கதை. எனக்கும் வேலை சுலபமாக முடிந்தது.

இருபது படிவங்களின் எண்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது, நம்பகத்தன்மைக்கு நாம் போடும் கிரோன்பாக் ஆல்பா, அதாவது விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.8ஐத் தாண்டி நன்றாகவே வந்தது. மகிழ்ச்சியோடு நெறியாளரிடம் கொண்டுபோனேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, நடு வரிசை முழுவதும் டிக் நிறைந்திருந்த ஒரு படிவத்தை எடுத்து, "நீங்கள் டிக் போடுவதற்கு முன் அந்த அம்மா என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். நான் எழுதி வைத்திருக்கவில்லை.

மறுவாரம் படிவம் இல்லாமல் அதே வீட்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். பள்ளியின் அக்கறை பற்றிய "பரவால்ல"வுக்குப் பொருள், போன வருடத்துக்கு இந்த வருடம் மேல் என்பது. பிள்ளையின் படிப்புச் செலவு பற்றிய "பரவால்ல"வுக்குப் பொருள், கஷ்டம்தான், அதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது. ஆசிரியர்கள் மதிப்போடு பேசுகிறார்களா என்ற கூற்றுக்குச் சொன்ன "பரவால்ல", எதிரில் உட்கார்ந்திருந்தது ஒரு டீச்சர் என்பதற்காகச் சொன்னது. மூன்று வேறு நிலைகளை நான் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டிருந்தேன். ஆல்பா உயர்ந்து வந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் அளவு மரியாதையை எல்லாக் கூற்றுக்கும் மாறாமல் என்னிடம் காட்டியிருந்தார்கள், ஆளுக்கு ஆள்தான் அந்த அளவு வேறுபட்டது. அந்த மரியாதையைத்தான் என் அளவுகோல் பிசகாமல் அளந்திருந்தது. மாறாமல் அளக்கும் நம்பகத்தன்மை வேறு, அளக்க நினைத்ததையே அளக்கும் ஏற்புடைமை வேறு என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவள்தான் நான். அது அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு கூற்றுகளை எல்லாம் நடந்ததைக் கேட்கும் கேள்விகளாக மாற்றினேன். போன மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனீர்களா, யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் "பரவால்ல" என்று சொல்லித் தப்ப வழியில்லை. என் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் தெருக்களுக்கு நான் போகாமல், வெளியூரிலிருந்து வந்து படிக்கும் ஒரு கல்லூரி மாணவியை அனுப்பினேன். எழுதும்போது விடையை அவரவர் வாய்மொழியிலேயே எழுத வேண்டும், குறியீடு பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பதை மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அங்கேயே ஒரு பெரியவர் ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்காமல், "சுனாமிக்கு அப்புறம் எத்தனையோ பேர் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க, அது என்ன ஆச்சுன்னு ஒருத்தர்கூட வந்து சொல்லல" என்றார். நியாயமான பேச்சு. ஆய்வு முடிந்ததும் முடிவுகளை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார்கள். இரண்டும் சரியாகவே இருந்தன.

புள்ளியியல் அவளுக்கு வருமா என்று கவலைப்பட்டிருந்தாய். வரும். வாய்பாடு கடினமில்லை, அது எப்போது பொருந்தாது என்று தெரிந்துகொள்வதில்தான் கவனம் வேண்டும். ஆய்வுக்கு எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து, 384 பேர் போதும் என்று எழுதும் ஆய்வேடுகளை நீயும் பார்த்திருப்பாய். குலுக்கல் முறையில் தனித்தனி ஆட்களாகத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த எண் பொருந்தும். நாமோ வகுப்பு வகுப்பாக எடுக்கிறோம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் அல்லவா? அந்த ஒப்புமை, 0 முதல் 1 வரையிலான அளவில், 0.2 என்று வைத்துக்கொண்டால், 30 வகுப்புகளில் வகுப்புக்கு 20 பேர் வீதம் 600 பேரைக் கேட்டாலும், இருபதில் ஒன்று குறைத்த 19ஐ 0.2ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருகிற 4.8ஆல் அந்த 600ஐ வகுக்க வேண்டும். கையில் மிஞ்சுவது 125 பேரைத் தனித்தனியாகக் கேட்டதற்குச் சமமான விவரம்தான். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவள், வகுப்புக்குப் பத்துப் பேராகக் குறைத்து அறுபது வகுப்புகளுக்குப் போகத் துணிவாள்.

மாணவர்களின் ஆய்வுக்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது என்று வீட்டில் யாராவது கேட்டால், இருவேல்பட்டைப் பற்றிச் சொல். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர் அது. இப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி விவரம் சேகரிக்கச் செய்தபோது எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒன்று. 1930களில் அதே ஊர்களுக்கு மறுபடியும் போனார்கள். இருவேல்பட்டில் 2008 வரை அந்தத் தொடர்ச்சி இருந்தது. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்று ஒரே ஊரை வைத்துத் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் பேச முடிகிறதென்றால், அன்றைக்கு மாணவர்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்ததே அதற்கு அடிப்படை. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

வேலைவாய்ப்பைப் பற்றி நான் உறுதி எதுவும் சொல்வதற்கில்லை. கல்வியியல் கல்லூரிகள், கள ஆய்வு நடத்தும் தொண்டு நிறுவனங்கள், அரசுத் திட்டங்களின் மதிப்பீட்டுப் பணிகள் என்று வழிகள் இருக்கின்றன. சம்பளம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. சேருமுன் ஒன்றை மட்டும் விசாரிக்கச் சொல்: மென்பொருள் வகுப்புக்கு முன்னால் களப்பணி வருகிறதா, பின்னால் வருகிறதா? பின்னால் என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

அரையாண்டு விடுமுறையில் அவளை இங்கே அனுப்பு. விழுப்புரத்தில் ரயிலிறங்கிக் கடலூர் பஸ் பிடித்தால், நான் பஸ் நிலையத்துக்கே வந்து அழைத்துக்கொள்கிறேன். மீன் விற்கும் அந்த அம்மா இன்னும் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் நிறுத்திப் பேசுவார். மகன் பிளஸ் டூ வந்துவிட்டானாம். அவரிடமே இவளைக் கூட்டிப்போகிறேன். அச்சடித்த படிவம் எதுவும் கொண்டுவர வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும் என்று சொல். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழி