பக்கவாத வார்டு சிஸ்டர்களுக்கு, குடியாத்தத்திலிருந்து

அன்புள்ள சிஸ்டர்களுக்கு, பிரதர்களுக்கு,

வணக்கம். மே 12 செவிலியர் தினம் வருகிறது. அதைச் சாக்காக வைத்து, மாசியிலிருந்து எழுத நினைத்த நன்றியை இப்போது எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் ஆஸ்பத்திரியின் பெயரையும் விட்டுவிட்டேன். வேலூரில் அந்த வார்டில் வேலை செய்கிறவர்களுக்குப் படித்ததுமே தெரிந்துவிடும்.

எங்கள் நைனா உங்களிடம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு இல்லை, விழுங்கவும் முடியவில்லை. சுகர் வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்தீர்கள். ஒவ்வொரு தடவையும் முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்து, எங்காவது சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பீர்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் இதைச் செய்வது பெரிய விஷயமில்லை. ராத்திரி மூன்று மணிக்கும் செய்தீர்கள். திருப்பாமலே சார்ட்டில் டிக் போட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது, நைனாவால் வாய் திறந்து சொல்லவும் முடியாது. வீட்டுக்கு வந்தபோது அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மூக்கு டியூப்பில் கஞ்சி கொடுக்கும்போதும் அப்படித்தான். தலைமாட்டை உயர்த்தி, டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊற்றுவீர்கள். ஊற்றி முடித்தும் அரைமணி நேரம் தலையை இறக்க விடமாட்டீர்கள். "பசியில கெடக்கறாரு, சீக்கிரம் ஊத்தும்மா" என்று என் அத்தை அவசரப்படுத்தியபோது, நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியா வரும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அதே அத்தை பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன வியாதி என்று விசாரித்தார். "அத அவங்ககிட்டதாம்மா கேக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டீர்கள்.

ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எதிர்க் கட்டிலில் ஒருவருக்கு வலிப்பு வந்து வார்டே அங்கே ஓடியது. அந்தக் களேபரத்தில் நைனாவின் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. நான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். அன்று நைட் டூட்டி பார்த்தவர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். டூட்டி டாக்டரைக் கேட்டு ஊசி போட்டு, போட்ட நேரத்தை உள்ளபடியே கேஸ் ஷீட்டில் எழுதி, காலை ஹேண்டோவரில் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்லியிருக்கிறார். அப்புறம் எங்களிடமும் வந்து சொன்னார். விடியற்காலையில் வந்திருந்த சித்தப்பா கத்த ஆரம்பித்துவிட்டார். இன்சார்ஜ் சிஸ்டர் நடுவில் வந்து, "அவங்க சொன்னதாலதான் சார் உங்களுக்குத் தெரியுது. சொன்னவங்களத் திட்டினா நாளைக்கு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். சித்தப்பா அடங்கிவிட்டார். நாங்கள் தறி ஓட்டுகிற குடும்பம். இழை விட்டுப்போன லுங்கியைக் குறை தெரியாமல் மடித்து அடுக்குகிற வித்தை தெரிந்தவர்கள். அந்தப் பெண் செய்தது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது எங்களுக்குப் புரியும்.

இன்சுலின் போடும்போது ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்வீர்கள். கையில் கட்டியிருந்த பட்டையில் பெயரையும் நம்பரையும் தினமும் பார்ப்பீர்கள். "எத்தன தடவதான் பேரு பாப்பாங்க" என்று அம்மா முனகுவார். டிஸ்சார்ஜ் அன்று அதே அம்மாவை உட்கார வைத்து, 40 யூனிட் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி, மாற்றினால் அளவு தப்பிவிடும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அம்மாவையே திருப்பிச் சொல்ல வைத்து, கையாலும் ஏற்ற வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டீர்கள். இப்போது மருந்துக்கடையில் அம்மா மூடியின் நிறத்தைப் பார்க்காமல் ஊசி வாங்குவதில்லை.

கிளம்பும்போது சித்தப்பா நீட்டிய பணத்தை நீங்கள் தொடவில்லை. சரி, வார்த்தையாலாவது பாராட்டலாம் என்று "தேவதைங்க" என்றார். எனக்கு அந்த வார்த்தையில் உடன்பாடில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி 1909இல் தொடங்கியது, 1946இல் பட்டப் படிப்பே வந்துவிட்டது. மருந்து, கணக்கு, உடம்பு எல்லாம் படித்துத் தேறிச் செய்கிற வேலை இது. தேவதை என்று கும்பிட்டுவிட்டால் சம்பளத்தைப் பற்றியும் ஒருவர் தலையில் எத்தனை கட்டில் என்பதைப் பற்றியும் பேசாமல் நழுவிவிடலாம், அதுதான் வசதி. நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில், நைட் டூட்டிக்கு இன்னும் ஆள் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

படுக்கை மாற்றிய ஆயாம்மாவுக்கும், கை கால் பயிற்சி கொடுத்த பிசியோ தம்பிக்கும், தன் பிளாஸ்க் வெந்நீரை எங்களுக்கும் ஊற்றிக் கொடுத்த வங்காளத்து அக்காவுக்கும் நன்றி.

நைனா இப்போது கைத்தடி பிடித்துத் திண்ணை வரை வருகிறார். பேச்சு பாதி புரிகிறது. வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு திருவிழா. டூட்டி மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். கூட்டம் தாங்காது, வெயிலும் கொளுத்தும். ஸ்டேஷனில் இறங்கியதும் போன் பண்ணுங்கள், தம்பி வந்து கூட்டிக்கொண்டு வருவான்.

இப்படிக்கு,
ஜன்னலோரக் கட்டில் தாத்தாவின் மகள்
குடியாத்தம்