வட சென்னையில கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் பா. நான் தண்டையார்பேட்டை. எனக்கு கண்ணு தெரியாது, பத்து வருஷமா ஸ்க்ரீன்ல இருக்கறத சத்தமா படிச்சிக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் சாப்ட்வேர் வெச்சிதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறேன். தியாகராயா காலேஜ், பாரதி விமன்ஸ்ல படிக்கிறவங்க, காலையில மெட்ரோ புடிச்சி ஐடி கம்பெனிக்கு ஓடுறவங்க, உங்ககிட்டதான் ஒரு உதவி கேக்கணும்: விண்டோஸ் தமிழ எப்படி படிக்குதுன்னு சோதிச்சி, தப்ப எழுதிப் போடணும்.

விண்டோஸ் இன்சைடர்னு மைக்ரோசாஃப்டோட சோதனைத் திட்டம் ஒண்ணு 2014லேர்ந்து இருக்கு, காசு கிடையாது, யார் வேணா சேரலாம். வெளிய வர்றதுக்கு முன்னாடியே புது வசதிங்க பிரிவ்யூவா, அதாவது சோதனைக்கு, அதுல வந்துரும், அந்த நேரத்துல சொன்னா மாத்த வாய்ப்பிருக்கு, சிலத தூக்கிடவும் செய்வாங்க. 2025ல விண்டோஸ் கூடவே வர்ற ஸ்க்ரீன் ரீடரான நரேட்டருக்கு ஸ்பீச் ரீகேப்னு ஒரு வசதி அப்படித்தான் வந்துச்சி, கடைசியா பேசின 500 வரிய எழுத்தா திரும்பப் பாக்கலாம், காப்பி பண்ணலாம். எங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா, ஒரு எரர் மெசேஜ் காதுல விழுந்து போயிட்டா போனதுதான்னு இருந்த காலம் அது. வாயால பேசியே கம்ப்யூட்டர ஓட்டுற வாய்ஸ் ஆக்சஸ் 2021 கடைசியில பிரிவ்யூல வந்துச்சி, மொதல்ல அமெரிக்க இங்கிலீஷ் மட்டும்தான். எங்க தெருவுல ரெண்டு கையும் வேலை செய்யாத அண்ணன் ஒருத்தர் இருக்காரு, தமிழ் மட்டும்தான் தெரியும், அவரு எப்ப பேசி கம்ப்யூட்டர ஓட்டுறது?

என் கதை ஒண்ணு சொல்றேன். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு வேலைக்கு தமிழ்ல அப்ளிகேஷன் அடிச்சேன், 'பணி அனுபவம்'னு போட வேண்டிய எடத்துல 'பனி அனுபவம்'னு போயிருச்சி, நாலு வாட்டி கேட்டுப் பாத்தேன், அப்ப நான் வெச்சிருந்த சாப்ட்வேர் ரெண்டையும் ஒரே மாதிரிதான் படிச்சிச்சி. எழுத்து எழுத்தா ஓட்டினாலும் 'ன', 'ண' ரெண்டுக்கும் ஒரே சத்தம். கூப்பிடவே இல்ல. காரணம் அந்தப் பிழைதானான்னு யாரும் சொல்லல, ஆனா இன்னிக்கும் மனசுல உறுத்துது, ஏன்னா தப்பு எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கிற வழியே எங்கிட்ட இல்ல.

இங்கிலீஷ்ல இதுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லின்னு எழுத்த விளக்கிச் சொல்ற வசதி இருக்கு. தமிழ்ல அதவிட அழகா நம்மகிட்டயே இருக்கே பா, ஸ்கூல்ல டீச்சர் ரெண்டு சுழி ன, மூணு சுழி ணன்னு சொல்லித் தரலியா, இலக்கணத்துல தந்நகரம், டண்ணகரம், றன்னகரம்னு பேரே இருக்கு. அத மெஷினுக்கு சொல்லிக் குடுக்க தமிழ் தெரிஞ்ச ஆளுதான் வேணும், அது நீங்கதான்.

அதனால இப்படி செய்ங்க. இன்சைடர் பிரிவ்யூவ டெய்லி வேலை பாக்குற லாப்டாப்புல போடாதீங்க, பிரிவ்யூ சில நேரம் மக்கர் பண்ணும், வீட்ல சும்மா இருக்கற மெஷின்ல போடுங்க. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூணையும் சேத்து அழுத்துனா நரேட்டர் பேச ஆரம்பிக்கும். தமிழ்க் குரலு வள்ளுவர்னு இருக்கும், அத ஏத்திக்கங்க. அப்பால ஸ்க்ரீன அணைச்சிட்டு ஒரு அரை மணி நேரம் தமிழ்ல ஒரு லெட்டர் அடிங்க. 'கொ' மாதிரி எழுத்துல அம்புக்குறி கீய அழுத்துனா கர்சர் எப்படி நகருது, தமிழும் இங்கிலீஷும் கலந்த மெசேஜ எப்படி படிக்குது, ல, ள, ழ பிரிச்சி கேக்குதா, ஸ்பீச் ரீகேப்புல தமிழ் ஒடையாம வருதா, எல்லாத்தையும் குறிச்சிக்கங்க. விண்டோஸ் கீயோட எஃப் அழுத்துனா மைக்ரோசாஃப்டுக்கு கருத்து அனுப்புற ஃபீட்பேக் ஹப் தொறக்கும், அதுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா எழுதுங்க, எந்த பில்டு, அதாவது விண்டோஸ் பதிப்பு நம்பர் என்னன்னும் போடுங்க. 'தமிழ் சரியில்ல'ன்னு ஒத்த வரியில எழுதுனா யாருக்கும் ஒண்ணும் புரியாது.

மொத ஃபீட்பேக்குக்கு தலைப்பு நானே சொல்லிடுறேன்: 'தமிழ்ல எழுத்துக் கூட்டும்போது ந, ண, ன மூணையும் பேரு சொல்லிப் படிக்கணும்.' போட்டதும் எனக்கு லிங்க் அனுப்புங்க, நானும் எங்க ஆளுங்களும் அதுக்கு ஓட்டுப் போடுறோம்.