கட்டில் கயிறும் நாற்காலிக் கயிறும்

ஓடென்ஸே, டென்மார்க்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். சித்திக்கு முட்டி வலி தேவலையா? மழைக்கு முன்னால் கொட்டகைக் கூரையை மாற்றிவிட்டீர்களா?

போன மாதம் நீங்கள் ஃபோனில் கேட்ட கேள்விக்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். "அங்கே கயிறு போட்ட நாற்காலிக்கு அவ்வளவு மவுசு என்கிறாயே, நம் சிங்கம்புணரித் தேங்காய்நார்க் கயிற்றை அங்கே தள்ள முடியாதா?" என்று கேட்டீர்கள். பதிலைக் கடிதமாக எழுதக் காரணம் இருக்கிறது. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டு, தேர்வடம் திரித்த கதைக்குப் போய்விடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நாற்காலிக்கு நம் கயிறு ஆகாது. வேறு சிலவற்றுக்கு ஆகும். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

இங்கே வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மாலையில் ஏதாவது கைவேலை கற்றுக்கொள்ள வகுப்புகள் உண்டு. நான் நாற்காலி பின்னும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல். அவரவர் வீட்டில் கிழிந்துகிடக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனக்குக் கிடைத்தது கீழ்வீட்டுப் பாட்டியின் நாற்காலி.

அதை வடிவமைத்தவர் ஹான்ஸ் வெக்னர். 1914-ல் டொன்டர் என்ற சிறிய ஊரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, தச்சுவேலை கற்று வளர்ந்தவர். முதுகுப் பக்கம் கவைக்கொம்பாகப் பிரியும் இந்த நாற்காலியை 1949-ல் வரைந்தார். 1950-லிருந்து இன்றுவரை நிறுத்தாமல் செய்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கும் காசுக்கு நம் சந்தையில் ஒரு கறவை மாடு பிடித்துவிடலாம். அதனால்தான் இருக்கை அறுந்தாலும் தூக்கிப் போடாமல் மறுபடி பின்னுகிறார்கள்.

இனி நீங்கள் சிரிக்கப் போகும் இடம். அதில் போட்டிருப்பது காகிதக் கயிறு. நான் கயிறு திரிக்கவில்லை, நிஜமாகவே காகிதம்தான். முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் கடற்புல் கயிற்றில் பின்னியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றுபோனது. அப்போது மரக்கூழில் செய்த முரட்டுப் பழுப்புக் காகிதத்தைக் கயிறாக முறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். போர் முடிந்து கடற்புல் மறுபடி கிடைத்த பிறகும் காகிதத்தை விடவில்லை. மூன்று புரி, மூன்று மில்லிமீட்டர் தடிமன், லேசாக மெழுகு. புரியைப் பிரித்து விரித்தால் மளிகைக் கடைப் பொட்டலத் தாள் போலக் கையில் வருகிறது. உங்கள் கையில் கொடுத்தால் மூக்கைச் சுளிப்பீர்கள், இழுத்துப் பார்த்தபின் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள்.

வேலையைச் சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். பழைய கயிற்றை அறுத்தெடுத்ததும் சட்டத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். வார்னிஷ் கிடையாது. இங்கே பல மேசை நாற்காலிகளைச் சோப்புச் சீவலைக் கரைத்துத் தேய்த்தே வைத்திருக்கிறார்கள். ஆடும் மூட்டுகளைப் பசை போட்டு இறுக்கி ஒருநாள் விட வேண்டும். ஆடுகிற சட்டத்தில் பின்னினால் கயிறு சட்டத்தையே கோணலாக இழுத்துவிடும். இருக்கையின் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். அதனால் முதலில் முன் மூலைகள் இரண்டை மட்டும் நிரப்பிச் சதுரமாக்கிக்கொண்டு, பிறகு நான்கு மூலையும் சுற்றி வர வேண்டும். கட்டைக்கு மேலே போய், அடியில் வந்து, நடுவே எழும்பி, அடுத்த கட்டைக்கு. நான்கு முக்கோணங்கள் மூலையிலிருந்து வளர்ந்து வந்து நடுவில் சேரும்.

கயிற்றில் தண்ணீர் தெளித்துத்தான் பின்னுவோம். ஈரத்தில் வளைந்துகொடுக்கும், காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும். முக்கி ஊறவைத்தால் போச்சு, காகிதம் காகிதமாகப் பிரிந்துவிடும். சில சுற்றுகள் ஆனதும் மரத்துண்டு வைத்துச் சுத்தியால் தட்டி, இழையோடு இழை நெருக்க வேண்டும். அங்கேதான் வாத்தியாரம்மா வந்து நிற்பார். விரலால் இழையைச் சுண்டிப் பார்த்து, தொய்வாக இருந்தால் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலைப் பார்ப்பார். ஒரு நாற்காலிக்கு 120 மீட்டருக்கு மேல் கயிறு. தொழிற்சாலையில் கைதேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்களாம். எனக்கு ஒரு வாரம் முழுக்கப் போதவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த நம் கயிற்றை ஒரு முக்காலியில் போட்டுப் பார்த்தேன், வேண்டுமென்றே. பின்னியபோது விண்ணென்று இருந்தது. கொஞ்ச நாள் எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்ததும் நடுவில் குழி விழுந்துவிட்டது. கயிற்றின் மேல் குற்றமில்லை. தேங்காய் நார் அறுவதற்கு முன்னால் நன்றாக நீளும். அந்த நீட்சிதான் தேர் குலுங்கும்போது வடத்தைக் காப்பாற்றுகிறது என்று நீங்களே சொல்வீர்கள். கட்டிலில் அது குறையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் கால்மாட்டில் இழுத்துக் கட்டும் கயிறு இருக்கிறது. தொய்ந்தால் அவிழ்த்து, ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, இழுத்துக் கட்டிவிடுகிறோம். நாற்காலியில் அந்த ஏற்பாடு கிடையாது. ஒருமுறை முடிந்தால் முடிந்ததுதான். காகிதம் அப்படி நீளாது, அதனால் அது பிழைத்துக்கொண்டது. இன்னொரு சங்கடமும் உண்டு. நம் கயிற்றின் தும்பு குத்தும். இங்கே பெண்கள் மெல்லிய காலுறை போட்டுக்கொண்டு உட்காருவார்கள், ஒரே உட்காரலில் இழை வாங்கிவிடும்.

ஆனால் வெளியில் வைக்கும் சாமான் என்றால் கதையே வேறு. மழையும் கடற்காற்றும் காகிதத்துக்கு எமன், சணலும் ஈரத்தில் பூத்து இற்றுப்போகும். நம் கயிறு நின்றுபிடிக்கும். பால்கனியில் பூந்தொட்டி தொங்கவிட, தோட்டத்து ஊஞ்சலுக்கு, தோட்டத்து பெஞ்சில் கை வைக்கும் இடத்தில் சுற்ற எல்லாம் கேட்கிறார்கள். வீட்டுக்குள் அலங்காரத்துக்கும் சுற்றுகிறார்கள்: விளக்குத் தண்டு, கண்ணாடிச் சட்டம், பழைய ஜாடி. நானும் ஒரு மேசை விளக்குக்குச் சுற்றினேன். முதல் சுற்றின் அடியில் நுனியை மடக்கி வைத்து, அதன் மேலேயே சுற்றிக்கொண்டு வந்தால் முடிச்சு வெளியே தெரியாது. பசை இரண்டு முனைகளில் மட்டும் போதும். கடைசியில் பிசிறைத் தீச்சுடரில் வேகமாகக் காட்டி எடுத்துத் துடைத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு பாரமும் தாங்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் கயிற்றின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வரவில்லை. உங்கள் வளர்ப்பு.

ஒன்றைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. ரயிலேறி ரோஸ்கில்டேவுக்குப் போயிருந்தேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஐந்து கப்பல்களை 1962-ல் அங்கே கடலடியிலிருந்து தோண்டி எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதே மாதிரிக் கப்பல்களைப் புதிதாகக் கட்டிக் கடலிலும் ஓட்டுகிறார்கள். அவற்றுக்குக் கயிறு எதில் தெரியுமா? லிண்டன் என்ற மரத்தின் உட்பட்டையில். கோடைத் தொடக்கத்தில் பட்டையை உரித்து, மாதக்கணக்கில் கடல்நீரில் ஊறப்போட்டு, அடுக்கு அடுக்காகப் பிரித்துத் திரிக்கிறார்கள். ஆலப்புழைப் பக்கம் காயலில் மட்டையை ஊறப்போடுவார்களே, அதே முறை. நாற்றமும் அதேதானா என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். "இதைவிட மோசமாக ஏதாவது இருக்கிறதா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஆகவே வியாபாரம் என்று இப்போதே கனவு காண வேண்டாம். முதலில் மாதிரி அனுப்புங்கள். மெல்லிய இரண்டு புரிக் கயிறு ஒரு கட்டு, விரல் பருமனில் ஒரு கட்டு. சாயம் வேண்டாம், அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் இங்கே காசு. நடுவில் பருத்தும் சிறுத்தும் வரக் கூடாது, ராட்டில் நிற்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிசிறைக் கத்தரித்து, நன்றாகக் காயவைத்து அனுப்புங்கள். ஈரத்தோடு கட்டினால் வந்து சேரும்போது பூசணம் பூத்திருக்கும்.

இன்னொரு உதவி. கட்டிலின் கால்மாட்டு ஏற்பாட்டை வாத்தியாரம்மாவுக்குப் படம் வரைந்து காட்டினேன். தாளைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டார். அடுத்த பருவத்தில் அதே மாதிரி ஒரு பெஞ்சு செய்து பார்க்க வேண்டும் என்கிறார். நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் கட்டிலை நீங்கள் இழுத்துக் கட்டும்போது தம்பியை அருகில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கடைசி முடிச்சை மெதுவாகப் போடுங்கள், கை மறைக்க வேண்டாம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற வேகத்தில் போட்டால் இங்கே ஒருவருக்கும் புரியாது.

சித்திக்கு என் அன்பு.

அன்பு மகள்