கிளினிக் நோயாளர்களை அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலேயே பராமரிக்க ஒழுங்கு செய்யக் கோரும் மனு

செயலாளர்,
சுகாதார அமைச்சு,
கொழும்பு 10.

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், வட மாகாணம் ஊடாக

மதிப்பிற்குரிய ஐயா,

நெடுந்தீவிலும் அயல் தீவுகளிலும் வாழும் நீரிழிவு, உயர் குருதியமுக்க நோயாளர்களின் குடும்பத்தினராகிய நாங்கள் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கின்றோம்.

1987இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின், போதனா வைத்தியசாலைகள் அமைச்சின் கீழும் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழும் இயங்கி வருகின்றன. ஆயினும் மருந்துக் கொள்வனவும் வைத்தியர்களின் நியமனமும் வருடாந்த இடமாற்றமும் கொழும்பிலேயே தீர்மானிக்கப்படுவதால், குறையொன்றை முறையிடச் செல்பவரை மாகாணம் அமைச்சிடமும் அமைச்சு மாகாணத்திடமும் அனுப்புகின்றது.

இதன் சுமை நோயாளரின் தலையிலேயே விழுகின்றது. விசேட வைத்திய நிபுணர் கிளினிக் கொப்பியில் எழுதும் மருந்து பிரதேச வைத்தியசாலைக்கு வழங்கப்படும் பட்டியலில் இல்லாதபோது, அந்த ஒரு மாத்திரைக்காக முதியவர் ஒருவர் காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, பேருந்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்று, இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருந்து, மருந்து கிடைத்ததோ இல்லையோ, பிற்பகல் படகைத் தவறவிடாமல் திரும்ப வேண்டியிருக்கின்றது. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களில் அதுவும் இயலாது. நகரத்துக் கிளினிக்குகளில் நெரிசல் என்று குறைப்படுவோர், அந்த வரிசையில் நிற்பவர்களுள் பலர் வேறு வழியின்றி வந்தவர்கள் என்பதையும் கருத வேண்டும்.

விசேட வைத்திய நிபுணர்கள் பணியாற்றும் ஆதார வைத்தியசாலையொன்றையும் அதைச் சூழ்ந்த சிறிய வைத்தியசாலைகளையும் ஒரே தொகுதியாக இணைக்கும் ஏற்பாடு 2018ஆம் ஆண்டின் சுகாதார சேவை வழங்கல் கொள்கையிலேயே உண்டு. எனவே புதிய திட்டம் எதனையும் நாங்கள் கேட்கவில்லை. நிலைமை கட்டுப்பாட்டிலுள்ள நோயாளரை நிபுணரின் கடிதத்துடன் ஊர் வைத்தியசாலைக்கு மீள அனுப்பவும், அவருக்குரிய மருந்தைத் தொகுதியின் மொத்தக் கையிருப்பிலிருந்து அங்கேயே வழங்கவும், இடமாற்றத்தின்போது அவருக்குப் பதிலாக வரும் வைத்தியர் கடமையேற்கும் வரை தீவுகளிலுள்ள வைத்தியரை விடுவிக்காதிருக்கவும், அமைச்சையும் மாகாணத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சுற்றறிக்கையொன்றை வெளியிடுமாறே வேண்டுகின்றோம். 2020இல் ஊரடங்கு வேளையில் கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கே அனுப்பப்பட்டமையால், மருந்தை நோயாளரிடம் கொண்டுசேர்ப்பது இயலாத காரியமன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இச்சுற்றறிக்கையை வெளியிடும் வரையிலாவது, தீவுகளிலுள்ள நோயாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்குரிய மருந்தை ஒரே தடவையில் வழங்கப் பணிப்புரை விடுத்து, அதனை எழுத்தில் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
தீவக நோயாளர்களின் குடும்பத்தினர்

பிரதி: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், யாழ்ப்பாணம்