ஃபைலை நீ பிடி, பேச்சை அவளுக்கு விடு

தர்மபுரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செல்விக்கு,

போனில் நாம் இரண்டு பேரும் பேசினால் பேச்சு பாலக்கோடு ஹைஸ்கூலுக்குப் போய் நின்றுவிடுகிறது, கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு கை தொட்டிலை ஆட்டுகிறது, ஒரு கை எழுதுகிறது. எழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மருமகளுக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறு. ஊத்தங்கரையில் எந்த டாக்டரிடம் காட்டலாம், என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று கேட்டாய். எந்த டாக்டர் என்பதைவிட, அந்த டாக்டர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று கவனி. எங்களுக்கு முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிளினிக்கில் கர்ப்பமாக இருந்த என் மகளை உட்காரவைத்துவிட்டு, டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கு ரத்தம் கம்மியா இருக்கும்மா, நல்லா சாப்பிட வைங்க." நானும் தலையாட்டினேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "எவ்வளவு இருக்கு டாக்டர்? என்கிட்டயே சொல்லுங்க." எனக்குச் சுருக்கென்றது. அவள் உடம்பு, அவள் ரத்தம், நான் எதற்குத் தலையாட்டினேன்?

ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதானாம். கூத்து என்னவென்றால், இரும்புச்சத்து மாத்திரையை நான்தான் தினமும் டீயோடு கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏரியா நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். டீ, காபி இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு வேளையில் போடணும். இவ்வளவுதான் சங்கதி. எட்டாம் மாதம் 11.2 வந்தது. மலம் கறுப்பாகப் போகிறதே என்று உன் மருமகள் பயந்தால், அது மாத்திரையால்தான் என்று சொல். களி விஷயத்தில் நம்மூர்ப் பெருமை வேண்டியதுதான், 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் போல கால்சியம் இருக்கிறது. ஆனால் களி தின்றால் ரத்தம் ஊறிவிடும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதே. கீரை, பயறு, முட்டை எல்லாம் கொடு. குங்குமப்பூவுக்குக் காசைக் கொட்டாதே, அதைக் குடித்து எந்தப் பிள்ளையும் சிவப்பாகப் பிறந்ததில்லை.

தண்ணீர் பற்றி ஒன்று. போர் தண்ணியைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டுவந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தானே. குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்துவை.

24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கணும். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளணும், சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும். "எங்க பரம்பரையிலேயே சுகர் இல்ல" என்று யாராவது தடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதே. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தால் தரும் பிக்மி எண் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் நாளைக்கே வாங்கு, பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்கிறார்கள்.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று எதிர்வீட்டு அம்மா காதோடு காதாகக் கேட்டது: "என்னான்னு சொல்றவங்க இருக்காங்க, கூட்டிட்டுப் போகட்டுமா?" செல்வி, எனக்கு உடம்பே நடுங்கிப்போச்சு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் ஆரம்பித்துப் பிறகு நம் தர்மபுரிக்கும் வந்ததே, பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் வந்தது என்று நமக்குத் தெரியாதா? வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக்கூடாது என்று 1994-லேயே சட்டம் போட்டாயிற்று, இன்னும் இப்படிக் கேட்கிறார்கள். குழந்தைக்கு முதுகெலும்பு, இதயம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். மகள் வாசலிலேயே நின்று, "எங்களுக்குத் தெரிஞ்சுக்க வேண்டியது எல்லாம் தெரிஞ்சுபோச்சுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில்தான். அங்கே பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை விடுகிறார்கள் தெரியுமா? நம் காலத்தில் கதவுக்கு வெளியே சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்பதுதான். நான் உள்ளே இருந்தேன். இடுப்பைத் தேய்த்துவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், நடக்கவைத்தேன். பதினாலு மணி நேரம். அப்புறம் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, ஆபரேஷன் பண்ணணும் என்றார்கள். அந்த வலியிலும் அவள் கேட்டாள்: "இப்பவே பண்ணணுமா? இன்னும் கொஞ்சம் பார்த்தா என்ன ஆகும்?" சின்ன வயசு டாக்டர்தான். பேப்பரில் கோடு இறங்கும் இடத்தை விரலால் காட்டி, ஒவ்வொரு வலிக்கும் எப்படி விழுகிறது, மீள எவ்வளவு நேரமாகிறது என்று சொன்னார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

நார்மல்தான் வேணும் என்று யோகா எல்லாம் பண்ணினவள். தழும்பைப் பற்றி இன்றுவரை ஒரு குறை சொல்லவில்லை. எனக்கு இரண்டாவது பிரசவம் நார்மல்தான், ஊரே பாராட்டியது. ஆறு மாதம் கழித்து வயிற்றுவலி என்று போனபோதுதான் காப்பர் டி போட்டிருப்பதே தெரிந்தது. எந்தப் பேப்பரில் எப்போது கையெழுத்து வாங்கினார்கள் என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. காப்பர் டி நல்ல சாதனம்தான், கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். கேட்கவில்லையே! இருபத்து நாலு வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவம் ஆபரேஷன், தனியாரில் மட்டும் பார்த்தால் 64. அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று கிளம்புகிறவர்களையும் பார்க்கிறோம். 2018-இல் திருப்பூரில் ஒரு பெண், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் உயிரை விட்டாளே. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதில்லை.

பிறந்த பிறகு எங்கள் வீடு சந்தைக்கடைதான். சர்க்கரைத் தண்ணி தொட்டுவைக்க ஒருத்தர், கழுதைப்பால் ஒரு சங்கு என்று ஒருத்தர், வசம்பைச் சுட்டு உரசிவைக்க ஒருத்தர். சீம்பாலே போதும், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்று மாப்பிள்ளை வாசலில் நின்று எல்லாரையும் சமாளித்தார். தண்ணி ஊற்றும் பாட்டியிடம் மட்டும் எனக்குச் சண்டை. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதவேண்டும் என்று பிடிவாதம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்றால், "உன்னையே நான்தாண்டி ஊத்தினேன்" என்கிறது கிழவி. பதில் சொல்ல முடியுமா? மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. வெயிலில் காட்டினால் போதும் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டினோம், இரண்டு நாள் நீல விளக்கில் வைத்தார்கள்.

மகள்தான் மூன்றாவது வாரமும் அழுதுகொண்டே இருந்தாள். முதல் பத்து நாள் அழுகை நிறையப் பேருக்கு உண்டு, இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போகணுமாம். மந்திரிக்கலாம் என்று என் நாத்தனார் சொன்னார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது தேவலை, ராத்திரி ஒரு தடவை நான் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுகிறேன்.

உன் மருமகளிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடு. கேட்கவேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகட்டும். நீ ஃபைலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். உன் வாயை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

பேத்திக்கு நேற்றோடு எழுபது நாள். வருகிற புதன் பத்தாவது வாரத்து ஊசி, அடுத்தது பதினாலாம் வாரம். அது முடிந்து இரண்டு நாள் தள்ளி வளைகாப்புக்கு நாள் பார். ஜுரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊத்தங்கரை பஸ்ஸில் என்னால் வரமுடியாது.

உன்,
மல்லிகா