கூடத்தில் மாட்டிய படம்

பேராவூரணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ அனுப்பிய படத்தைக் கூடத்தில், தாத்தா படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறோம். பின்புறம் ‘நிலக்காட்சி’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். சாம்பல் பரப்பில் பழுப்புக் கோடுகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும், கஜா அடித்து ஓய்ந்த 2018 நவம்பர் 16-ஆம் தேதிக் காலையில் நம் தோப்பு கிடந்த கிடப்புதான் எனக்குக் கண்ணில் வந்து நின்றது. உன் அத்தையோ, “நல்ல மழை பிடித்திருக்கிறது, அண்ணா” என்றாள். புயலன்று அவள் இந்த ஊரில் இல்லை.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து வந்தவள் படத்தின் முன் நின்று, “இதில் இவ்வளவு நீலமா இருந்தது?” என்று கேட்டாள். புரை விழுந்தால் விழிவில்லை மஞ்சளித்து நீலத்தைத் தடுத்துவிடுமாம். பிரெஞ்சு ஓவியர் மோனே, புரை முற்றியிருந்த காலத்தில் தம் தோட்டத்துப் பாலத்தைச் செம்பழுப்பாக வரைந்ததும், 1923-இல் அறுவை செய்துகொண்டதும் உனக்குத் தெரிந்தவைதாம். அது கண்ணின் கோளாறு, மருத்துவர் சரிசெய்துவிடுகிறார். எனக்குத் தெரியும் தென்னைகளோ அம்மாவின் கண்ணுக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. அவை என் மனத்திலிருந்து படத்துக்குப் போனவை.

ஆனாலும் வரைந்த கையின் மனமும் அதில் இருக்குமல்லவா? காசிக்குப் போய்வந்த பிறகு ஓவியர் ராம்குமாரின் படங்களில் மனிதர்கள் மறைந்துபோனார்கள் என்று நீதான் ஒருமுறை விளக்கினாய். உன் படத்திலும் ஆளில்லை, வீடில்லை, துளிப் பச்சை இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்து நடவு முடிந்து ஊரே பச்சையாகக் கிடக்கும்போது இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கண்காட்சியில் உன் படம் வைத்திருந்த செய்தியைக் கடைத்தெருவில் சொல்லாத ஆளில்லை. அதை அத்தை மகன் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தொலைபேசியில், “நன்றாக இருக்கிறேன், அப்பா” என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. வேளைக்குச் சாப்பிடு, இரவில் விழித்திருந்து வரையாதே.

படத்தில் தேதி இல்லை. எப்போது வரைந்தாய் என்பதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா