ஒப்பந்தத்தின் நடுவே ஒரு சுரங்கம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுரங்கப் பொறியியல் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு நம் கல்லூரிகள் கைகோக்கும் செய்திகள் அவ்வப்போது உங்கள் பத்திரிகையில் வருகின்றன. முப்பத்தைந்து வருடம் சுரங்கங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் ஒன்று விடாமல் படிக்கிறேன். துணைவேந்தர் பெயர் இருக்கும், கையெழுத்தான தேதி இருக்கும், எத்தனை ஆண்டுகளுக்கு என்றும் இருக்கும். எந்தச் சுரங்கத்தில், எந்தப் பிரச்சினைக்காக இருவரும் சேர்ந்து வேலை செய்யப் போகிறார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஏன் அதைத் தேடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது, "கீழே ஜப்பான்காரங்க எல்லாம் வந்து பெட்டி வெச்சு எதையோ எண்ணிக்கிட்டிருக்காங்க" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அது என்னவென்று கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது. பூமிக்கு அடியில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து கருவிகளை வைத்திருந்தன. காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை, அதாவது பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களை, 1965இல் அங்கே பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவு செய்ய முடியும் என்று உலகத்துக்கு முதலில் காட்டியவர்களில் அவர்களும் உண்டு. தங்கவயலில் அந்த வகைச் சோதனைகள் 1990களின் தொடக்கம்வரை நடந்தன.

அது இயற்பியல் ஆராய்ச்சி, சுரங்கப் பொறியியல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டு ஏன் அத்தனை வருடம் நிலைத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். மூன்று நாட்டுக்காரர்களுக்கும் தேவைப்பட்ட ஒரு பொருள் அங்கே இருந்தது: ஆழம். அதைத் தோண்டிக் கொடுத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். கருவி வைக்கும் அறையைக் குடைந்தவர்களும், காற்றும் மின்சாரமும் போய்ச்சேர வழி செய்தவர்களும், கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், ஏற்றி இறக்கியவர்களும் அவர்களே. ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாது என்ற நிலை இருந்தது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அடிமட்டங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய்வருகிறார்கள்.

நெய்வேலிக்கும் இப்படி ஒரு பாடம் உண்டு. 1956இல் நிறுவனம் தொடங்கியது, 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. மேல்மண்ணை வெட்ட ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் இயந்திரங்களை, அதாவது பெரிய சக்கரத்தைச் சுற்றி வாளிகள் கொண்ட இயந்திரங்களை, வரவழைத்தார்கள். ரைன் பகுதியின் இளகிய மண்ணில் வேலை செய்து பழகிய இயந்திரங்கள் அவை. இங்கே இருப்பதோ கடலூர் மணற்பாறை, கடினமும் அரிக்கும் குணமும் கொண்டது. பக்கெட்டின் பற்கள் தேய்ந்துகொண்டே இருக்கும். வெடி வைத்துத் தளர்த்திய பிறகு வெட்டும் முறையும், பற்களுக்கு ஏற்ற உலோகமும் இங்கேயே பழகிப் பழகிக் கற்றவை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் அடித்தளம் பெயராமல் நிற்கும். இதை ஜெர்மன் பேராசிரியர் எவரும் தன் ஊர்ப் பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அவரும் வந்து பார்த்துக் கற்க வேண்டிய விஷயம் அது. கூட்டு ஆராய்ச்சி என்றால் இப்படி இரண்டு பக்கமும் கற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுத்தேன். பெயர் வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார்கள். முதல் வருடம் ஒரு பேராசிரியர் வந்து இரண்டு நாள் நல்ல உரை நிகழ்த்தினார். சுரங்கத் திட்டமிடலுக்கான மென்பொருள் ஒன்றையும் ஒரு வருட உரிமத்தோடு கொடுத்தார்கள். மாணவர்கள் ஆசையாகக் கற்றுக்கொண்டார்கள். உரிமம் முடிந்ததும் புதுப்பிக்கக் காசு ஒதுக்கப்படவில்லை. இறுதியாண்டு புராஜெக்டைப் பாதியில் வைத்திருந்த இரண்டு பையன்கள் கையால் வரைபடம் போட்டு முடித்தார்கள். அதில் ஒருவன் அரியலூர்ப் பையன், அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். "சார், அவங்க திரும்ப வருவாங்களா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் மனதில் உறுத்துகிறது.

வெளியே இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சுரங்கப் படிப்புக்கு எல்லா நாட்டிலும் மாணவர்கள் குறைவு, பேராசிரியர்களும் குறைவு. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் கர்ட்டின், குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகங்கள் 2007 வாக்கில் கடைசி இரண்டு வருடப் பாடத்தை ஒன்றாக வகுத்து, ஆளுக்குத் தெரிந்ததைப் பகிர்ந்து நடத்தத் தொடங்கின. ஐரோப்பாவில் பின்லாந்தின் ஆல்ட்டோ, ஜெர்மனியின் ஆஹன், ஆஸ்திரியாவின் லியோபன் பல்கலைக்கழகங்கள் மூன்றும் சேர்ந்து முதுகலைப் படிப்பு நடத்துகின்றன. மாணவர்கள் ஊர் மாறி ஊர் போய்ப் படிக்கிறார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் 1765இலிருந்து சுரங்கக் கல்வி தருகிற இடம். பழைய வெள்ளிச் சுரங்கத்தையே பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ சுரங்கப் பள்ளிக்கும் எட்கர் என்ற சொந்தச் சுரங்கம் உண்டு. மாணவன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கித் தன் கையால் பாறையைத் தட்டிப் பார்க்கிறான்.

நம் நாட்டில் சட்ட வசதி இப்போது இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம், இணைப்புப் படிப்பு ஆகியவற்றுக்கு விதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் வெளிநாட்டில் படித்து வருவதற்கான வழியாக மட்டும் அது போய்விடக் கூடாது. இன்னொன்று, வெளிநாட்டுப் பட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இங்கே சுரங்க மேலாளராகக் கையெழுத்துப் போட மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமான டிஜிஎம்எஸ் தரும் சான்றிதழ் வேண்டும். கூட்டுப் படிப்பின் பாடத்திட்டத்தை எழுதும்போதே அதிகாரிகளிடம் பேசி இதைத் தெளிவாக்கிவிட வேண்டும். படித்து முடித்த பிறகு பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சென்னையில் சுரங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இன்று சுரங்கப் பொறியியல் துறை இருக்கிறது. கிண்டியில் மின்சார ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் திரிசூலம். அங்கும் பல்லாவரம், பம்மல் பக்கமும் பழைய கல்குவாரிகள் குழிகளாகக் கிடக்கின்றன. இந்தக் கல்லுக்குப் பெரிய வரலாறு உண்டு. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது பல்லாவரத்துக் கல். அதை ஆராய்ந்து புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் புவியியல் மாணவர்கள் இந்தப் பாறையைப் படிக்கிறார்கள். நாம் அதை உடைத்து ஜல்லியாக்கிவிட்டு, குழியை அப்படியே விட்டுவிட்டோம்.

அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கிறது. 2017 பஞ்சத்தில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குட்டைத் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், 2019இலும் எடுத்தார்கள். அதே மாதிரிக் குட்டைகளில் கோடை விடுமுறையில் குளிக்கப் போய்ப் பிள்ளைகள் மூழ்கிய செய்தியும் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்தத் துக்கம் நடந்தது. குட்டையின் ஆழம் எவ்வளவு, கரைப்பாறை எங்கே பிளந்து நிற்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் கசிகிறது, எந்தச் சரிவைத் தட்டையாக்கினால் ஆபத்து இல்லை என்று அளந்து சொல்வது சுரங்கப் பொறியாளரின் வேலை. கல்குவாரி சிறுகனிமம் என்பதால் விதிகள் மாநில அரசின் கையில் இருக்கின்றன. ஆகவே டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் லவுசிட்ஸ் பகுதியின் பழைய நிலக்கரிக் குழிகளை ஏரிகளாக மாற்றியிருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு வெற்றி மட்டுமில்லை, அடியும் உண்டு. 2009இல் வேறொரு பகுதியில், நாஹ்டர்ஷ்டெட் என்ற ஊரில், நீர் நிரம்பிக்கொண்டிருந்த பழைய குழியின் கரை சரிந்து வீடுகளோடு மூன்று பேர் போனார்கள். எது தவறியது என்று அவர்கள் ஆராய்ந்ததை நாம் படிக்க வேண்டும். கடினப் பாறையில் நீர் நிற்கும் நம் குட்டைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். திரிசூலத்திலோ பம்மலிலோ ஒரு குவாரியை எடுத்து, வேலி போட்டு, இரண்டு பல்கலைக்கழகங்களும் பத்து வருடம் சேர்ந்து வேலை செய்யும் பாடச் சுரங்கமாக ஆக்கலாம் என்பது என் யோசனை. ஒவ்வொரு வருடமும் இங்கிருந்து நாலு பேர் அங்கே ஆறு மாதம், அங்கிருந்து நாலு பேர் இங்கே ஆறு மாதம். செலவு அரசு உதவித்தொகையில். நாலு பேரில் இருவர் பெண்களாக இருக்கட்டும். 1952 சுரங்கச் சட்டம் பெண்களைச் சுரங்கத்துக்குள் இறங்கவிடாமல் வைத்திருந்தது, 2019இல்தான் அந்தக் கதவு திறந்தது. ஆய்வக உதவியாளரும் ஒருவர் போக வேண்டும். கருவி பழுதானால் சரிசெய்யத் தெரிந்தவர் இல்லாமல்தான் நம் ஆய்வகங்களில் பாதிக் கருவிகள் உறை போட்டு நிற்கின்றன.

எல்லா ஒப்பந்தமும் ஐரோப்பாவோடும் ஆஸ்திரேலியாவோடும்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அர்ஜெண்டினாவில் லித்தியம் தேட இந்திய அரசு நிறுவனம் 2024இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2023இலிருந்து ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் நடத்துகிறது. தான்சானியா தங்கம் எடுக்கும் நாடு. அங்குள்ள பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் சேர்ந்து கற்க ஏராளம் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஓர் ஒப்பந்தச் செய்தி வரும்போது, உங்கள் நிருபர் மூன்றே கேள்வி கேட்கட்டும்: எந்தச் சுரங்கம், எத்தனை மாதம், போவது யார். பதிலையும் அச்சிடுங்கள். திரிசூலம் குட்டைகளைப் பார்க்க விரும்பும் மாணவர்களோ பேராசிரியர்களோ இருந்தால், எந்தப் பாறை எங்கே தளர்ந்து நிற்கிறது என்று கூட நடந்து காட்ட நான் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி என்றால் வெயிலும் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளர்,
பல்லாவரம், சென்னை.